வேண்டாத பரம்பரைச் சொத்து

எதிர்பாராத அதிர்ச்சி ஏதேனும் நேர்ந்தால், "என் ஈரக்குலையே நடுங்கிப் போயிற்று" என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். மனிதனின் உயிரும் உணர்ச்சியும் ஈரலோடு பின்னிக் கிடப்பதாக நம் முன்னோர் எண்ணினர் போலும். இன்று நாம் ஈரலை அடியோடு மறந்துவிட்டோம். இதயத்தைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. ஈரலைப் பற்றிப் பேசும் வீடு அரிது. ஆனால் இதயத்தைத் தாக்கும் நோய்களுள் ஒன்று ஈரலில் தொடங்குகிறது என்பதும், அது பெற்றோர் வழியாகப் பிள்ளைகளுக்கு வந்து சேருகிறது என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்களுக்கும் தெரியாமல்தான் இருந்தது. சென்ற ஆண்டு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை நாற்பத்து மூன்றாம் வயதில் மாரடைப்பால் காலமானார். புகைப்பழக்கமோ குடிப்பழக்கமோ இல்லாதவர், ஒல்லியான உடல்வாகு, நாள்தோறும் மாம்பலம் இரயில் நிலையத்திற்கு நடந்தே செல்பவர். "விதி" என்றனர் உறவினர். ஆனால் சிகிச்சை அளித்த மருத்துவர், "இவருடைய தந்தை எந்த வயதில் இறந்தார்?" என்று கேட்டார். நாற்பத்தாறு என்று பதில் வந்தது. உடனே பிள்ளைகள் இருவருக்கும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். தம்பிக்கு ஒன்றும் இல்லை. எங்கள் தோழிக்கு மட்டும் கொலஸ்டிரால் மிக அதிகமாக இருந்தது. இப்போது அவள் இரவில் ஒரு சிறு மாத்திரை விழுங்குகிறாள். மற்றபடி எங்களோடு சேர்ந்து பந்தாடுகிறாள், பரீட்சை எழுதுகிறாள். "எழுதுங்கள், வேறு யாருக்காவது பயன்படட்டும்" என்று அவளே கூறியதால்தான் இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

ஓயாத தொழிற்சாலை

வயிற்றின் வலப்பக்கம், விலா எலும்புகளின் மறைவில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுடன் அமைந்திருப்பது கல்லீரல். உடலின் உள்ளுறுப்புகளுள் மிகப் பெரியது இதுவே. நாம் உண்ணும் உணவின் சத்து முதலில் இங்குதான் வந்து சேர்கிறது. சர்க்கரையைச் சேமித்து வைத்து வேண்டும்போது வழங்குவது, கொழுப்பைச் செரிக்கப் பித்தநீர் சுரப்பது, காயம் பட்டால் இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களை உண்டாக்குவது, மருந்துகளையும் நச்சுப் பொருள்களையும் முறித்து வெளியேற்றுவது என்று ஈரல் செய்யும் வேலைகள் பல.

இன்னொரு வியப்பும் உண்டு. ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் ஈரல் மீண்டும் வளரும். பித்தக் குழாய் அடைபட்டுப் பிறந்த காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு, 1998ஆம் ஆண்டு தந்தையின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து டில்லி மருத்துவமனை ஒன்றில் பொருத்தினார்கள். இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் ஈரல் மாற்றுச் சிகிச்சை அது. அக்குழந்தை இன்று வளர்ந்து மருத்துவராகிவிட்டது! தந்தையின் ஈரலும் வளர்ந்தது, மகனின் ஈரலும் வளர்ந்தது. படைத்தவனின் கைவண்ணத்தை என்னென்பது!

கொலஸ்டிரால் பகையா, நட்பா?

கொலஸ்டிரால் என்ற சொல்லைக் கேட்டாலே பலர் அஞ்சுகின்றனர். உண்மையில் அது இல்லாமல் நாம் உயிர் வாழ இயலாது. உடலின் ஒவ்வோர் உயிரணுவின் மேலுறைக்கும் அது தேவை. பித்தநீர், வைட்டமின் டி, பல ஹார்மோன்கள் ஆகியவை அதிலிருந்தே உண்டாகின்றன. உடலில் உள்ள கொலஸ்டிராலின் பெரும்பகுதி உணவிலிருந்து வருவதன்று. உடல் தானே தயாரித்துக் கொள்வது. அதில் ஈரலுக்கு முக்கியப் பங்கு உண்டு.

எண்ணெய் நீரில் கரையாதது போலவே கொலஸ்டிராலும் இரத்தத்தில் கரையாது. ஆகையால் அது புரதத்தோடு சேர்ந்து சிறு சிறு பொட்டலங்களாக இரத்தத்தில் பயணம் செய்கிறது. அவற்றுள் ஒரு வகைக்கு எல்.டி.எல். என்று பெயர். இப்பொட்டலங்களைத் தேவைப்பட்ட உயிரணுக்கள் எடுத்துக் கொண்டது போக, மிகுதியை இரத்தத்திலிருந்து திரும்ப எடுத்துக் கொள்வது ஈரலின் பொறுப்பு. அதற்காக ஈரல் அணுக்களின் மேற்பரப்பில் 'ஏற்பிகள்' என்னும் வாயில்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலையில் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவை நினைத்துப் பாருங்கள். கைகொள்ளாத பைகளுடன் மாம்பலம் நிலையத்தை நோக்கி மக்கள் வெள்ளம் போல் வருகின்றனர். நிலைய வாயில்கள் எல்லாம் திறந்திருந்தால் கூட்டம் மெதுவாகவேனும் நகரும். பாதி வாயில்களை அடைத்துவிட்டால் என்ன ஆகும்? தெருவில் நெரிசல், இருபுறமும் உள்ள கடைச் சுவர்களில் மக்கள் நசுங்குவர். ஈரலின் வாயில்கள் பாதி அடைபட்டவர்களின் இரத்தக் குழாய்களிலும் நடப்பது இதுவே. எல்.டி.எல். பொட்டலங்கள் போக வழியின்றித் தேங்கி, இரத்தக் குழாய்ச் சுவரில் படிகின்றன. இதயத்திற்குச் செல்லும் குழாய் அவ்வாறு அடைபடும்போது மாரடைப்பு உண்டாகிறது.

பெற்றோர் வழி வருவது

இந்த வாயில்களை அமைப்பதற்கான கட்டளை நம் மரபணுக்களில் எழுதப்பட்டிருக்கிறது. தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி என இரண்டு பிரதிகள் நமக்குக் கிடைக்கின்றன. ஒரு பிரதியில் பிழை இருந்தால் வாயில்களில் ஏறத்தாழப் பாதியே வேலை செய்யும். பிறந்த நாள் முதலே எல்.டி.எல். அளவு பிறரைப் போல் இரு மடங்காக இருக்கும். இதுவே பரம்பரைக் கொலஸ்டிரால் நோய். உலகில் ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவர் வீதம் இக்குறையுடன் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. இக்கணக்குச் சென்னைக்கும் பொருந்துமானால், இரண்டாயிரம் மாணவியர் பயிலும் ஒரு பள்ளியில் ஏழெட்டுப் பேருக்கு இது இருக்கக்கூடும். அவர்களுள் பெரும்பாலோர் அதை அறியமாட்டார்கள்.

பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. எங்கள் தோழிக்கு வந்து அவள் தம்பிக்கு வராததன் காரணம் இதுவே. ஆண், பெண் என்ற வேறுபாடு இதற்கு இல்லை. "பெண்களுக்கு மாரடைப்பு வராது" என்ற எண்ணம் தவறானது. இந்நோய்க்குச் சிகிச்சை பெறாத ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஐம்பது வயதிற்குள்ளும், பெண்களில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பேருக்கு அறுபது வயதிற்குள்ளும் இதய நோய் வருவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

தாய், தந்தை இருவருக்குமே அதே பிழை இருந்தால், நான்கில் ஒரு குழந்தைக்கு இரண்டு பிரதிகளும் பழுதாகும் வாய்ப்பு உண்டு. அக்குழந்தையின் ஈரலில் வாயில்களே அநேகமாக இருப்பதில்லை. முழங்கை, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் மஞ்சள் நிறக் கொழுப்புக் கட்டிகள் சிறு வயதிலேயே தோன்றும். பெற்றோர் அதை மரு என்றும் தோல் நோய் என்றும் கருதிக் களிம்பு தடவிக்கொண்டிருப்பர். உள்ளே இதயம் பழுதாகிக் கொண்டிருக்கும். உலகில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேரில் ஒருவருக்கே இக்கொடிய வகை வருகிறது. ஆனால் நெருங்கிய உறவில் திருமணம் செய்யும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்புக் கூடுதல். தாய்மாமனையும் அத்தை மகனையும் மணப்பது நம் தமிழ்நாட்டில் நெடுங்கால வழக்கம். உறவு விட்டுப் போகக் கூடாது என்ற அன்பில் பிறந்த வழக்கம்தான். எனினும், ஒரே தாத்தாவிடமிருந்து வந்த பிழை பேரப் பிள்ளையிடம் இரு வழியாகவும் வந்து சேர அது இடம் தருகிறது. நம் பெற்றோர் இதனைச் சிந்திக்க வேண்டுகிறோம்.

ஒரு சிறுமியின் கதை

இந்நோயின் வேர் ஈரலில்தான் உள்ளது என்பதை உலகிற்கு உணர்த்தியவள் ஒரு சிறுமி. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டார்மி ஜோன்ஸ் என்ற அவளுக்கு இரண்டு பிரதிகளும் பழுது. அவளுடைய கொலஸ்டிரால் அளவு ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. ஆறு வயதிலேயே மாரடைப்பு வந்தது. 1984ஆம் ஆண்டு பிப்ரவரி 14 அன்று பிட்ஸ்பர்க் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில், டாக்டர் தாமஸ் ஸ்டார்ஸல் குழுவினர் அவளுக்கு ஒரே சமயத்தில் புதிய இதயத்தையும் புதிய ஈரலையும் பொருத்தினர். உலகில் இவ்வகையில் நடந்த முதல் அறுவைச் சிகிச்சை அது. புதிய ஈரலில் நல்ல வாயில்கள் இருந்தன. ஆகவே கொலஸ்டிரால் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அதன்பின் ஆறாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1990ஆம் ஆண்டு நவம்பரில் தன் பதின்மூன்றாம் வயதில் அவள் இறைவனடி சேர்ந்தாள். அச்சிறு வாழ்வு மருத்துவ உலகிற்குப் பெரும் பாடமாயிற்று.

அந்த வாயில்களைக் கண்டுபிடித்து விளக்கியவர்கள் டெக்சாசின் டல்லஸ் நகரில் பணியாற்றிய மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்னும் இரு நண்பர்கள். 1970களில் அவர்கள் செய்த இவ்வாராய்ச்சிக்காக 1985ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அரிசிப் பூஞ்சையும் புதிய ஊசியும்

நோயின் காரணம் புரிந்தது, மருந்து எங்கே? ஜப்பான் நாட்டு அறிஞர் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, கடைசியில் கியோட்டோ நகரத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் படர்ந்திருந்த நீலப் பூஞ்சையில் அதனைக் கண்டார். ஈரல் கொலஸ்டிரால் தயாரிப்பதை அப்பொருள் தடுத்தது. தயாரிப்புக் குறைந்ததும், ஈரல் தன் தேவைக்காகக் கூடுதல் வாயில்களைத் திறந்து இரத்தத்திலுள்ள எல்.டி.எல்.லை எடுத்துக் கொள்கிறது. இவ்வாறு பிறந்தவையே 'ஸ்டாட்டின்' மருந்துகள். அவற்றுள் முதலாவது 1987ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. இன்று நம்மூர் மருந்துக் கடைகளில் குறைந்த விலையில் கிடைப்பதும், எங்கள் தோழி உண்பதும் இவ்வகை மாத்திரையே.

2003ஆம் ஆண்டு இன்னொரு கதவு திறந்தது. பாரிஸ் ஆய்வாளர்களும் மான்ட்ரியால் நகரின் நபில் செய்தாவும், பி.சி.எஸ்.கே.-9 என்ற புரதத்தின் மரபணுவில் ஏற்படும் மாற்றமும் பரம்பரைக் கொலஸ்டிராலுக்குக் காரணமாகலாம் என்று கண்டனர். இப்புரதம் ஈரலின் வாயில்களைப் பிடித்து அழிப்பது. சிலருக்கு இப்புரதம் பிறவியிலேயே சரிவர வேலை செய்வதில்லை; அவர்கள் கொடுத்து வைத்தவர்கள்! அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே இத்தகையோரை ஆராய்ந்தபோது, அவர்களுக்கு எல்.டி.எல். 28 விழுக்காடும் இதய நோய் 88 விழுக்காடும் குறைவாக இருந்தது 2006இல் தெரிய வந்தது. கொலஸ்டிரால் சற்றுக் குறைவாக இருந்தாலும், பிறந்தது முதல் அப்படி இருந்தால் நன்மை எவ்வளவு பெரிது பாருங்கள்!

இப்புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2015ஆம் ஆண்டு முதல் புழக்கத்திற்கு வந்தன. அதன்பின் வந்த இன்கிளிசிரான் என்னும் மருந்து, ஈரல் அணுக்களுக்குள் புகுந்து அப்புரதம் உண்டாகாமலே தடுக்கிறது. தொடக்க ஊசிகளுக்குப் பின் ஆறு மாதத்திற்கு ஒரு முறை போட்டால் போதும். இம்மருந்துகள் இந்தியாவிலும் கிடைக்கின்றன. ஆனால் விலை எளியோர்க்கு எட்டாதது. 2022ஆம் ஆண்டு நியூசிலாந்தில் ஒரு நோயாளிக்கு, ஈரலிலுள்ள அம்மரபணுவையே ஒரே ஊசியால் திருத்தும் முயற்சி முதன்முதலாக நடந்தது. இரத்தப் பரிசோதனையில் ஈரல் பாதிப்பின் அறிகுறிகள் தென்பட்டதால், அம்மருந்தின் முதல் வடிவம் 2024இல் நிறுத்தி வைக்கப்பட்டு, திருத்திய வடிவம் சோதனைக்கு வந்தது. நோயைத் தீர்க்கச் செல்லும் மருந்தும் ஈரலை நோகடிக்கலாகாது அன்றோ?

தரமணியின் கீழாநெல்லி

ஈரல் ஆராய்ச்சி என்றதும் வெளிநாட்டை மட்டுமே நினைக்க வேண்டா. அடையாற்றுக்கு அருகே தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது.

மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி என்பது தமிழ்நாட்டுக் குழந்தைக்கும் தெரியும். அதனைச் சோதனைச் சாலைக்குக் கொண்டு சென்றவர், பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான டாக்டர் எஸ்.பி.தியாகராஜன். ஈரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ்-பி கிருமி உடலில் நிலைத்துவிட்டவர்களுக்கு முப்பது நாள் கீழாநெல்லித் தூள் கொடுக்கப்பட்டது. 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்தது. வெறும் மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. 1988ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் இது வெளியாயிற்று. அக்கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாருக் புளும்பெர்க் அக்கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர் என்பது நமக்குப் பெருமை.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இனிமையாக இருக்கும். தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் இதே சோதனையைச் செய்தபோது அத்தகைய பலன் கிட்டவில்லை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2011ஆம் ஆண்டு அறிக்கையும், உறுதியான சான்று இல்லை என்றே கூறிற்று. இதனால் சென்னை அறிஞர்களின் உழைப்பு வீணாகவில்லை. அவர்களே தம் ஆய்வை முதற்கட்ட ஆய்வு என்றுதான் குறிப்பிட்டிருந்தனர். ஓரிடத்தில் கண்டதை மற்றோரிடத்தில் சரிபார்ப்பதே அறிவியலின் நேர்மை.

அப்படியானால் கீழாநெல்லி தின்று காமாலை தீர்ந்தவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. அசுத்த நீராலும் உணவாலும் வரும் காமாலை பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானாகவே தீரும். புகழ் மூலிகைக்குச் சேரும். ஆனால் உடலில் நிலைத்துவிட்ட பி வகையும் பித்தக் குழாய் அடைப்பும் அவ்வாறு எளிதில் தீர்வன அல்ல. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். நமக்கோ காமாலை எல்லாம் ஒன்றே என்ற மயக்கம்! எந்தக் காமாலை என்று மருத்துவரிடம் அறிந்த பின்பே மற்றவை. ஹெபடைடிஸ்-பி வராமல் தடுக்கச் சிறந்த தடுப்பூசி இருக்கிறது. 2011ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் அரசு அதைக் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடுகிறது. பிறந்த இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் முதல் ஊசி போடப்பட வேண்டும்.

கொழுப்பேறிய ஈரல்

மரபணுவில் குறையே இல்லாதவர்களும் மகிழ்ந்துவிட இயலாது. நம் சென்னையில் 541 பேரை ஆராய்ந்து 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மதுப்பழக்கத்தால் அன்றி ஈரலில் கொழுப்புப் படிந்தோர் 32 விழுக்காட்டினர் என்று தெரிந்தது. மூன்று பேரில் ஒருவர்! இதற்கு முக்கியக் காரணங்கள் தொந்தி, சர்க்கரை நோய், உழைப்பில்லாத வாழ்வு, அளவுக்கு மிஞ்சிய மாவுச்சத்தும் இனிப்பும். இது பல ஆண்டுகள் நோவு இன்றி வளர்ந்து, சிலருக்கு ஈரலைச் சுருங்க வைத்துவிடும். எனினும் தொடக்கத்திலேயே கண்டு உடல் எடையைக் குறைத்தால், படிந்த கொழுப்புக் கரைந்து ஈரல் தேறிவிடும் என்பது ஆறுதல்.

பரம்பரைக் கொலஸ்டிராலோ வேறு வகை. உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் அதற்கு உதவும். ஆனால் அவை மட்டும் போதா, மருந்தும் வேண்டும். "ஸ்டாட்டின் ஈரலைக் கெடுக்கும்" என்று பயந்து பலர் இடையில் நிறுத்திவிடுகின்றனர். அம்மருந்தால் ஈரல் கடுமையாகப் பாதிக்கப்படுவது மிக அரிது. மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவதே பெரிய ஆபத்து. கருவுற விரும்பும் பெண்கள் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் கூறி, அவர் சொற்படி நடக்க வேண்டும்.

நாம் செய்யக் கூடியவை

இந்த விடுமுறையில் மாணவியர் ஒவ்வொருவரும் ஒரு வேலை செய்யலாம். ஒரு தாளில் குடும்ப மரத்தை வரையுங்கள். தாத்தா, பாட்டி, பெரியப்பா, சித்தி, அத்தை, மாமா யாருக்கு எந்த வயதில் மாரடைப்பு வந்தது என்று பெரியவர்களைக் கேட்டுக் குறியுங்கள். ஆண்களில் 55 வயதிற்கு முன்போ, பெண்களில் 60 வயதிற்கு முன்போ வந்திருந்தால், அத்தாளைக் குடும்ப மருத்துவரிடம் காட்டுங்கள். எளிய இரத்தப் பரிசோதனை ஒன்று உண்மையைச் சொல்லிவிடும். பெரியவர்களுக்கு எல்.டி.எல். 190க்கு மேல் இருந்தாலும், இத்தகைய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 160க்கு மேல் இருந்தாலும், பரம்பரை நோயா என்று ஆராய்வது அவசியம். ஒருவருக்கு இருப்பது தெரிந்தால், உடன்பிறந்தார், பெற்றோர், பிள்ளைகள் அனைவரும் பரிசோதித்துக் கொள்ள வேண்டும். சிறுவயதில் தொடங்கும் சிகிச்சை, வாழ்நாள் முழுவதும் காக்கும்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். "பெண்ணுக்கு நோய் என்று வெளியே தெரிந்தால் கல்யாணம் ஆகுமா?" என்று அஞ்சிப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். மறைப்பதால் நோய் மறையாது. மருந்து உண்ணும் பெண் படிப்பாள், பணிபுரிவாள், தாயாவாள், பேரப் பிள்ளைகளையும் காண்பாள். கண்டுகொள்ளாமல் விட்ட நோயே அவளது ஆயுளைக் குறைக்கும்.

மாலையில் மயிலை நாகேசுவரராவ் பூங்காவிலோ, பனகல் பூங்காவிலோ, பெசன்ட் நகர்க் கடற்கரையிலோ குடும்பத்துடன் அரை மணி நேரம் நடக்கலாம். திரும்பும் வழியில் பஜ்ஜிக் கடையைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டு வந்துவிடலாம்!

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முதுமொழி. முன்னோர் நமக்கு வீடு வைத்துச் செல்கின்றனர், நகை வைத்துச் செல்கின்றனர், விசுவாசத்தையும் நற்குணங்களையும் விட்டுச் செல்கின்றனர். அவற்றோடு தெரியாமல் தந்து செல்வதும் ஒன்று உண்டு. அதற்காக அவர்களை நோக முடியாது. அவர்களுக்கே அது தெரியாதிருந்தது. நமக்கு இன்று தெரியும். தன் தந்தையின் புகைப்படத்திற்கு முன் செபித்துவிட்டு, நாள்தோறும் தவறாமல் மாத்திரையை எடுத்துக் கொள்ளும் எங்கள் தோழியிடமிருந்து நாங்கள் கற்ற பாடம் இதுவே. இறைவன் தந்த உடலைப் பேணுவதும் அவருக்கு நாம் செலுத்தும் நன்றியே ஆகும்.